எழுத்துக்கூலி வந்த வழிகள்

புறநானூற்றின் 208ஆம் பாட்டை ஒரு கூலித் தகராறு என்று சொன்னால் தமிழாசிரியர்கள் நம்மைக் கோபிக்கக்கூடும். ஆயினும் உண்மை அதுதான். பெருஞ்சித்திரனார் குன்றும் மலையும் பல கடந்து அதியமான் நெடுமான் அஞ்சியைக் காணச் செல்கிறார். அவனோ அவரை நேரில் காணாமலேயே, இதைக் கொண்டு செல்க என்று பரிசிலை அனுப்பிவிடுகிறான். புலவர் அதைக் கையால் தொடவில்லை. என்னை இன்னாரென்று அறியாமலே கொடுத்த பொருளைப் பெற்றுப் போவதற்கு நான் பரிசிலை வாணிகமாகக் கொண்டவன் அல்லன் என்கிறார். தகுதியறிந்து விரும்பித் தந்தால் தினையளவாயினும் இனிது என்றும் சொல்கிறார். அனுப்பிய பொருள் சிறிதா பெரிதா என்று பாட்டில் ஒரு குறிப்பும் இல்லை. பொருள் வந்த வழியைப் பற்றியே புலவரின் வழக்கு.

பல ஆண்டுகளாக இப்பாட்டைப் புலவர் பெருமிதத்துக்குச் சான்றாகக் காட்டிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடுவது நம் வழக்கம். சென்ற ஆண்டு ஒரு மாணவி அதை நிறுத்திவைத்தார். முதுகலை முடித்துவிட்டு வீட்டிலிருந்தபடியே மொழிபெயர்ப்பு வேலை செய்பவர். வெளிநாட்டு நிறுவனம் ஒன்று தன் படங்களுக்குத் தமிழில் துணையுரை எழுத அவரை அமர்த்தியிருந்தது. துறைக்கு வந்து, "ஐயா, பணத்தை எந்த வழியில வாங்கிக்கிறீங்கன்னு கேட்டு எழுதியிருக்காங்க. நாலு வழி குடுத்திருக்காங்க. எது நல்லதுங்கய்யா?" என்று கேட்டார். நமக்குச் சட்டென்று விடை தெரியவில்லை. இருபது ஆண்டுகளாகச் சிற்றிதழ்களிலும் பேரிதழ்களிலும் எழுதிவரும் நம்மிடம் எவரும் ஒருமுறைகூட அக்கேள்வியைக் கேட்டதில்லை என்பதே அப்போதுதான் உறைத்தது. எந்த வழியில் வந்ததோ அந்த வழியில் வாங்கிக்கொண்டோம். வராதபோது வாளாவிருந்தோம். நமக்கு முன் எழுதியவர்களும் பெரும்பாலும் அப்படித்தான் இருந்திருக்கிறார்கள். அந்த வழிகளைச் சற்றே திரும்பிப் பார்க்கலாம் என்று தோன்றிற்று.

முதலில் சொல்லைப் பார்ப்போம். தமிழ் இதழுலகம் எழுத்துக்குத் தரும் பணத்தைச் சம்பளம் என்பதில்லை, கூலி என்பதில்லை, விலை என்பதுமில்லை. சன்மானம் என்கிறது. வடமொழியில் அதற்கு மதிப்புச் செய்தல் என்று பொருள். மதிப்பை அளந்து கேட்பது மரபாகாது. ஒரு கடைக்காரரிடம் விலை கேட்கலாம். மாலை போடப்போகிறவரிடம் மாலையில் எத்தனை பூ என்று கேட்க முடியுமா? பரிசில், பொற்கிழி, சன்மானம் என்று சொல் மாறிக்கொண்டே வந்தபோதும் கொடுப்பவன் மேலே, பெறுபவன் கீழே என்னும் நிலை மட்டும் மாறவில்லை. தமிழ் எழுத்தாளன் பணம் பற்றிப் பேசக் கூசுவதற்கு அவனுடைய அடக்கத்தைக் காரணம் காட்டுகிறோம். சொல்லும் பாதிக் காரணம் என்பது நம் எண்ணம்.

அச்சு வந்தபின் புரவலரின் இடத்தைக் கையொப்பக்காரர்கள் பிடித்தார்கள். நூல் வெளிவருமுன்பே இத்தனை படி வாங்கிக்கொள்வேன் என்று பலரிடம் கையொப்பம் வாங்கி, அந்த உறுதியை நம்பி அச்சகத்துக்குப் போவது முறை. உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது இப்படித்தான் கையொப்பம் சேர்த்தார். ஒரு மன்னன் யானை தருவதற்கும் நூறு பேர் ஆளுக்குச் சில ரூபாய் தருவதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. நூறு பேரில் ஒருவர் முகம் திருப்பிக்கொண்டாலும் வேலை நடக்கும். ஆனால் நூறு வீட்டுப் படியும் ஏறியாகவேண்டும்.

இரண்டு வழிகளுக்கும் நடுவே ஏறத்தாழ ஓராண்டு இடைவெளியில் நின்று தவித்தவர் பாரதி. 1919ஆம் ஆண்டு மே மாதம் எட்டயபுரம் மன்னருக்குச் சீட்டுக்கவி எழுதுகிறார். புலவன் அரசனுக்குச் செய்யுளில் விண்ணப்பம் விடுக்கும் பழைய முறை அது. பெருஞ்சித்திரனார் கண்டிருந்தால் அடையாளம் தெரிந்துகொண்டிருப்பார். அடுத்த ஆண்டு, 1920 ஜூனில், அதே பாரதி கடயத்திலிருந்து நண்பர்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்புகிறார். தம் எழுத்துகளை 40 நூல்களாகப் பகுத்து, ஒவ்வொன்றிலும் 10,000 படிகள் அச்சிடப் போவதாகவும், மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போல அவை விற்றுப்போகும் என்றும் அதில் நம்பிக்கை தெரிவிக்கிறார். இந்த எண்களைக் கண்டு நாம் சிரித்துவிடுகிறோம், அல்லது கண் கலங்குகிறோம். பாரதி பணம் கேட்ட முறையை யாரும் கவனிப்பதில்லை. அவர் அங்கே நன்கொடை கேட்கவில்லை, பரிசிலும் கேட்கவில்லை. கடன் கேட்கிறார். வட்டியோடு திருப்பித் தருவதாகப் பத்திரம் எழுதிக் கொடுக்க ஆயத்தமாக இருக்கிறார். புரவலனைக் கடன்காரனாக மாற்றிக்கொள்ள ஒரு கவிஞர் செய்த முயற்சி அது. நம் இலக்கிய வரலாறுகள் சீட்டுக்கவிக்குத் தரும் இடத்தில் பாதியாவது அந்தச் சுற்றறிக்கைக்குத் தந்திருக்கலாம். திட்டம் நிறைவேறவில்லை. 1921 செப்டம்பரில் அவர் மறைந்தார். அவருடைய எழுத்தின் உரிமையை 1949இல் சென்னை மாகாண அரசு வாங்கிப் பொதுவாக்கியபோது தொகை போய்ச் சேர்ந்தது குடும்பத்தாருக்கு.

இதற்கெல்லாம் நெடுநாள் முன்பே, எழுத்தாளனுக்கும் பத்திரிகைக்கும் இடையில் ஒரு காக்கிச்சட்டை மனிதர் நடந்து வரத் தொடங்கிவிட்டார். இந்திய அஞ்சல்துறை மணியார்டர் முறையைத் தொடங்கியது 1880 ஜனவரி 1 அன்று. அதற்கு முன்பு அரசுக் கருவூலங்கள் ஒன்றன்மேல் ஒன்று எழுதித்தரும் உண்டியல்கள் இருந்தன. கருவூலம் இருக்கும் ஊருக்குப் போய்த்தான் அவற்றை மாற்றவேண்டும். மணியார்டர் கருவூலத்தையே திண்ணைக்குக் கொண்டுவந்தது. ‘பணவிடை’ என்று நல்ல தமிழில் ஒரு சொல் உண்டு, பாடநூல்களில் உண்டு. ஊரில் யாரும் அதைச் சொல்லிக் கேட்டதில்லை. மணியார்டர்தான்.

இம்முறையின் அமைப்பை இன்றைய இளைஞர்களுக்கு விளக்கவேண்டியிருக்கிறது. அனுப்புபவர் படிவத்தை நிரப்பித் தொகையையும் கட்டணத்தையும் அஞ்சலகத்தில் கட்டுவார். அஞ்சல்வழிப் பயணம் செய்வது படிவம் மட்டுமே. பெறுபவர் ஊர் அஞ்சலகம் தன் பெட்டியிலிருந்து பணத்தை எடுத்துத் தபால்காரரிடம் தரும். தபால்காரர் வீட்டு வாசலில் கையெழுத்து வாங்கிக்கொண்டு நோட்டுகளை எண்ணி வைப்பார். கையெழுத்திட்ட ஒப்புகைத் துண்டு அனுப்பியவருக்கே திரும்பிப் போகும். படிவத்தின் அடியில் இன்னொரு துண்டு உண்டு. அதில் சில வரி எழுதலாம். பெறுபவர் அதைக் கிழித்து வைத்துக்கொள்ளலாம். ‘தங்கள் கதைக்கான சன்மானம்’ என்று பத்திரிகை அலுவலக எழுத்தர் எழுதிய அந்தத் துண்டுதான் எத்தனையோ எழுத்தாளர்களிடம் இருந்த ஒரே வரவுக்கணக்கு. நம் நூலகங்கள் கையெழுத்துப் படிகளைச் சேர்க்கின்றன, கடிதங்களைச் சேர்க்கின்றன. மணியார்டர் துண்டுகளை யாரேனும் சேர்த்திருந்தால் தமிழ்ச் சிறுகதையின் பொருளாதார வரலாற்றை எளிதாக எழுதிவிடலாம். அவை அலமாரிகளில் புத்தகக் குறிகளாகக் கிடந்து உதிர்ந்துபோயின.

நம்மிடம் ஒன்று இருக்கிறது. 2002ஆம் ஆண்டு, முதுகலை இரண்டாமாண்டு படிக்கையில், நம் கட்டுரை ஒன்றை ஓர் இதழ் வெளியிட்டது. பெயர் வேண்டாம். ஒரு மாதம் கழித்து விடுதி வாசலில் தபால்காரர் நின்றார். 142 ரூபாய். வாழ்வில் எழுதிப் பெற்ற முதல் பணம். விடுதித் தோழர்களுக்குத் தேநீரும் வடையும் வாங்கிக் கொடுத்து, தபால்காரருக்கும் இரண்டு ரூபாய் தந்து, மீதியில் இரண்டு நூல்கள் வாங்கினோம். ஆனால் அந்த 142 மனத்தை உறுத்திக்கொண்டே இருந்தது. கட்டுரை எத்தனை பக்கம், பக்கத்துக்கு எவ்வளவு என்று எப்படி வகுத்துப் பார்த்தும் கணக்கு வரவில்லை. ஆசிரியருக்கு எழுதிக் கேட்கலாமென்றால் துணிவு வரவில்லை. சன்மானமல்லவா?

விடை கிடைக்கச் சில ஆண்டுகள் ஆயின. ஊருக்குப் பணம் அனுப்ப அஞ்சலகத்தில் வரிசையில் நின்றபோது கட்டண விவரம் கண்ணில் பட்டது. 20 ரூபாய்க்கு அல்லது அதன் பகுதிக்கு ஒரு ரூபாய். அதாவது நூற்றுக்கு ஐந்து. 142 ரூபாய்க்கு எட்டு ரூபாய் கட்டணம். கூட்டினால் 150. நமக்குரிய தொகையிலிருந்தே அதை நமக்கு அனுப்பும் செலவைக் கழித்திருக்கிறார்கள். எட்டு ரூபாய் பெரிதல்ல. மணியார்டர் என்னும் ஏற்பாட்டில் கட்டணம் கட்டவேண்டியவர் அனுப்புபவர் என்பதே விதி. அந்தச் சுமையை ஓசையின்றி வாங்குபவர் தோளுக்கு மாற்ற ஒரு கழித்தல் கணக்குப் போதும் என்பதை அன்று அறிந்தோம். பிறகு வந்த ஒவ்வொரு முறையிலும் இந்த எட்டு ரூபாயைத் தேடிப்பார்க்கும் வழக்கம் நமக்கு ஏற்பட்டுவிட்டது. பணம் நடந்துவரும் வழிக்கு யார் கூலி கொடுக்கிறார்கள்? அது வந்துசேரும்வரை யார் காத்திருக்கிறார்கள்?

மணியார்டரின் பெருமையையும் சொல்லவேண்டும். அதற்கு வங்கிக்கணக்குத் தேவையில்லை. புனைபெயர் ஒரு தடையில்லை. சொ. விருத்தாசலத்துக்குப் ‘புதுமைப்பித்தன்’ என்றும், தியாகராஜனுக்கு ‘அசோகமித்திரன்’ என்றும் தபால் வந்தால் தெருவுக்குப் பழகிய தபால்காரர் திகைத்து நிற்கமாட்டார். பெண்கள் பெயருக்கு வந்தால் அவர்கள் கையில்தான் கொடுக்கவேண்டும் என்பது விதி. நடைமுறையில் தபால்காரர் குடும்பத் தலைவரிடம் நீட்டிவிட்டுப் போன வீடுகளும் உண்டு. ஆயினும் வாசலில் தன் பெயர் உரக்கக் கூப்பிடப்பட்டு, தானே கையெழுத்திட்டு, தன் எழுத்துக்கு வந்த பணத்தைத் தன் கையால் எண்ணி வாங்கிய ஒரு தலைமுறைப் பெண் எழுத்தாளர்களுக்கு அந்தப் படிவம் என்னவாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கலாம்.

அதே அஞ்சல்துறையின் இன்னொரு வாய்க்கால் வி.பி.பி. 1877இல் தொடங்கியது, மணியார்டருக்கும் மூத்தது. நூலை அனுப்பிவிட்டால், வாங்குபவர் தபால்காரரிடம் விலையைக் கொடுத்துப் பொதியைப் பெற்றுக்கொள்வார். பணம் எழுத்தாளருக்கோ பதிப்பாளருக்கோ வந்துசேரும். கடையே இல்லாத ஊர்களில் தமிழ் நூல்கள் பரவ இதுவே துணையாயிற்று. ஆனால் வாங்குபவர் மனம் மாறி வேண்டாம் என்றால் பொதி திரும்பிவிடும். போன செலவு அனுப்பியவருக்கு. இங்கேயும் எட்டு ரூபாய் யார் தலையில் என்று பாருங்கள்.

இந்த ஏற்பாடுகளெல்லாம் தருவதற்குப் பணம் உள்ள இடத்தைப் பற்றியவை. ஆனந்த விகடன் 1926இல் தொடங்கி, 1928இல் எஸ்.எஸ். வாசன் கைக்கு வந்து பெருகியது. 1941இல் கல்கி விலகித் தம் பெயரிலேயே இதழ் கண்டார். 1947இல் குமுதம் வந்தது. விற்பனை பெருகப் பெருக எழுத்துக்குப் பணம் தருவதும் ஒழுங்குபட்டது. மறுபக்கத்தில் 1933இல் பிறந்த மணிக்கொடி எழுதியவர்களுக்கு ஒழுங்காகக் கொடுக்கும் நிலையில் ஒருபோதும் இருக்கவில்லை. 1959இல் சி.சு. செல்லப்பா தொடங்கிய ‘எழுத்து’வைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அவரே பையில் நூல்களைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போனவர். தமிழின் மிகச் சிறந்த கதைகளில் பல ஒரு காசும் ஈட்டாதவை. இதில் பெருமைப்பட ஏதோ இருப்பதாக நம் மேடைகளில் ஒரு தொனி கேட்கிறது. நமக்கு அதில் உடன்பாடில்லை. புதுமைப்பித்தன் தம் மனைவி கமலாவுக்கு எழுதிய கடிதங்களைப் படித்தவர்கள் அந்தத் தொனியில் பேசமாட்டார்கள். பணம் எப்போது அனுப்ப முடியும் என்னும் கவலை அவற்றில் திரும்பத் திரும்ப வருகிறது. அந்தக் கவலையைச் சிரிப்பாகவும் மாற்றத் தெரிந்தவர் அவர். ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையில் கடவுளையே 25 ரூபாய் ஆயுள் சந்தாதாரராக்கிவிடுகிறார் பிள்ளை. ஆயுள் என்றால் யாருடைய ஆயுள் என்னும் சிக்கல் உடனே எழுகிறது. சிற்றிதழ் நடத்திய எவரும் அந்த இடத்தில் சிரித்துவிட்டுச் சற்று மௌனமாவார்கள்.

வானொலி இங்கே தனி இனம். சென்னை நிலையம் 1938இலும் திருச்சி நிலையம் 1939இலும் தொடங்கின. உரை நிகழ்த்த அழைக்கும்போதே ஒப்பந்தத் தாள் வரும். நாள், நேரம், நிமிடக் கணக்கு, தொகை எல்லாம் அதில் எழுதியிருக்கும். ஒப்புக்கொண்டால் கையெழுத்திட்டு ஒரு படியைத் திருப்பி அனுப்பவேண்டும். நிகழ்ச்சி முடிந்தபின் காசோலை. தொகை சிறிதுதான். ஆனால் எழுதுவதற்கு முன்பே இவ்வளவு என்று எழுத்தாளனிடம் தாளில் சொன்ன இடம் தமிழ்நாட்டில் வேறு எத்தனை இருந்தது? அரசு அலுவலகத்தின் வறட்டு ஒழுங்கு என்று பலர் அதைக் கேலி செய்ததுண்டு. நமக்கோ அந்த வறட்சியில் ஒரு மரியாதை தெரிகிறது. அங்கே தொகை சன்மானமாக இல்லை, ஒப்பந்தமாக இருந்தது.

பிறகு காசோலைக் காலம். 1969 ஜூலையில் 14 வங்கிகள் நாட்டுடைமையானபின் சிற்றூர்களிலும் கிளைகள் பெருகின. எழுத்தாளர்களும் கணக்குத் தொடங்கினார்கள். இதழ்களுக்குக் காசோலை வசதியானது. நூற்றுக்கு ஐந்து கட்டவேண்டியதில்லை. தபால்தலை செலவோடு போயிற்று. பெறுபவர் நிலைமை வேறு. சென்னை வங்கியின் காசோலையை நாகர்கோவிலில் போட்டால் அது மீண்டும் சென்னைக்குப் போய் அனுமதி பெற்றுத் திரும்பவேண்டும். வாரக்கணக்கில் ஆகும். வசூல் கட்டணம் என்று ஒரு தொகையும் கணக்கில் குறையும். தொகை எவ்வளவு சிறிதோ அவ்வளவு பெரிதாகத் தெரியும் அக்கழிவு. எட்டு ரூபாய் இப்போது வெளிப்படையாகவே எழுத்தாளன் பக்கம் வந்துவிட்டது. கழித்துக்கொண்டது வங்கியென்பதால் யாரிடமும் கேட்கவும் முடியாது.

காசோலை புனைபெயரை மன்னிப்பதில்லை. நாம் அப்போது ஒரு புனைபெயரில் எழுதிவந்தோம். 2013இல் ஓர் இதழ் அந்தப் பெயருக்கே 500 ரூபாய்க் காசோலை அனுப்பிற்று. வங்கி அதிகாரி நல்ல வாசகர். கட்டுரையைக் கூடப் படித்திருந்தார். "எழுதினது நீங்கதான்னு எனக்குத் தெரியும் சார், கம்ப்யூட்டருக்குத் தெரியாதே" என்றார். பதிவுத் தபாலில் திருப்பி அனுப்பி, சொந்தப் பெயரில் வேண்டினோம். இரண்டு மாதம் பதில் இல்லை. தொலைபேசியில் கேட்டபோது கணக்காளர் விடுப்பில் இருந்தார். ஒருவழியாக வந்த காசோலையில் தேதி மிகப் பழையது. காசோலை செல்லுபடியாகும் காலம் ஆறு மாதத்திலிருந்து மூன்று மாதமாக 2012 ஏப்ரலிலேயே குறைந்துவிட்டதை அந்த அலுவலகம் மறந்திருந்தது. மூன்று மாதம் முடிய நான்கு நாள் இருந்தது. அதில் இரண்டு நாள் விடுமுறை. அந்தத் தாள் இன்றும் நம் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அதற்குப் பின் புனைபெயரைக் கைவிட்டோம். இலக்கியக் காரணம் ஏதேனும் இருக்குமென்று ஓர் ஆய்வு மாணவர் நம்மிடம் கேட்டிருக்கிறார். மனைவியின் பெயரில் எழுதிய சுஜாதாவுக்கு இச்சிக்கல் வீட்டுக்குள்ளேயே தீர்ந்திருக்கும் என்று வேடிக்கையாக நினைத்துக்கொள்வதுண்டு.

மின்வழிப் பரிமாற்றம் வந்தபோது நாம் மகிழ்ந்ததில் வியப்பில்லை. நெஃப்ட் 2005 நவம்பரில் தொடங்கியது. 2019 டிசம்பரிலிருந்து எல்லா நாளும் எந்நேரமும் நடக்கிறது. 2016இல் யுபிஐ வந்தபின் கைப்பேசி எண் இருந்தால் போதும், கண்ணிமைக்கும் நேரத்தில் பணம் சேர்ந்துவிடும், கட்டணமும் இல்லை. தாளில் ஊர் ஊராக நடந்த பழைய மணியார்டர் 2015இல் நின்று, அதன் மின்வடிவம் மட்டும் எஞ்சியது. தந்தி அதற்கு இரண்டாண்டு முன்பே, 2013 ஜூலையில், விடைபெற்றுவிட்டது. எட்டு ரூபாய் ஒருவழியாக ஒழிந்தது. ஆனால் காத்திருப்பு ஒழியவில்லை என்பதுதான் விந்தை. முன்பெல்லாம் பணம் வரவில்லையென்றால் தபாலைக் குறை சொன்னோம், வங்கியைக் குறை சொன்னோம், இடையில் விழுந்த பொங்கல் விடுமுறையைக் குறை சொன்னோம். பத்து நொடியில் போய்ச்சேரும் பணம் எட்டு மாதமாக வரவில்லையென்றால் அந்த எட்டு மாதமும் ஒரு மனிதர் கொடுக்கவில்லை என்றுதான் பொருள். இடைவழியில் ஒளிந்துகொள்ள இனி ஒரு புதரும் இல்லை. இதைப் பல பத்திரிகை அலுவலகங்கள் இன்னும் உணர்ந்ததாகத் தெரியவில்லை, எழுதுகிறவர்களும் உணரவில்லை. இன்னொரு சிறு இழப்பும் உண்டு. வங்கிக் குறுஞ்செய்தியில் தொகை இருக்கும், எந்தக் கட்டுரைக்கு என்பது இராது. மணியார்டர் துண்டில் அந்த ஒரு வரி இருந்தது.

நம் மாணவியின் கேள்விக்கு வருவோம். வெளிநாட்டிலிருந்து வரும் பணத்துக்கு யுபிஐ வழி இல்லை என்று அந்த நிறுவனம் சொல்லிவிட்டது. மீதமிருந்தவற்றில் முதன்மையானவை இரண்டு. ஒன்று பேபால். 2010 தொடக்கத்தில் அந்நிறுவனம் இந்தியாவுக்கான தனிநபர் பரிமாற்றத்தைத் திடீரென நிறுத்தியதும், வேலை முடித்துவிட்டுப் பணத்துக்குக் காத்திருந்தவர்கள் திண்டாடியதும் சிலருக்கு நினைவிருக்கலாம். அடுத்த ஆண்டு ஒரு பரிமாற்றத்துக்கு 500 டாலர் என்னும் உச்சவரம்பும் வந்து, பின்னர் உயர்ந்தது. 2021 ஏப்ரலில் உள்நாட்டுச் சேவையை நிறுத்திவிட்டு, வெளிநாட்டுப் பணத்துக்கு மட்டும் இங்கே அது தொடர்ந்தது. வேகமானது, சிறு தொகைக்கும் ஏற்றது. ஆனால் கட்டணத்தோடு நாணய மாற்றில் எடுத்துக்கொள்வதையும் சேர்த்தால் பழைய மணியார்டரின் நூற்றுக்கு ஐந்தைத் தாண்டிவிடுகிறது. அதைச் செலுத்துபவர் பெறுபவர். நூற்று நாற்பது ஆண்டுகளுக்கும் முன் அஞ்சல்துறை அனுப்புபவரிடம் வாங்கியதை இது வாங்குபவரிடம் வாங்குகிறது.

மற்றொன்று வங்கியிலிருந்து வங்கிக்கு நேரடி அனுப்புகை. இதில் கட்டணம் நூற்றுக்கு இவ்வளவு என்றில்லாமல் ஒரு முறைக்கு இவ்வளவு என்று அமையும். இடையில் ஒரு வங்கி நின்று அதுவும் சிறிது எடுத்துக்கொள்ளும். பெருந்தொகைக்கு இது மலிவு. 60 டாலருக்கு இதைக் கேட்பது தேங்காய் ஒன்றுக்கு லாரி பிடிப்பது போல. ஆனால் அனுப்புபவர் நிரப்பும் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு: கட்டணம் முழுவதும் அனுப்புபவருக்கா, முழுவதும் பெறுபவருக்கா, இருவருக்கும் பங்கா என்று குறிக்கவேண்டும். பெருநிறுவனங்கள் கேட்டால்தான் முதலாவதைக் குறிப்பார்கள். கேட்காவிட்டால் பங்கு என்று குறித்துவிடுவார்கள். 142 ரூபாயின் மர்மம் அவிழ ஆண்டுகள் பிடித்த நமக்கு, அந்தக் கட்டத்தைக் கண்டபோது ஒரு பழைய நண்பரைச் சந்தித்தது போலிருந்தது.

மாணவிக்கு வேறொரு சிக்கலும் இருந்தது. அவருடைய வங்கிக்கணக்கு தந்தையோடு கூட்டுக்கணக்கு. வரும் ஒவ்வொரு தொகைக்கும் குறுஞ்செய்தி தந்தையின் கைப்பேசிக்குப் போகும். "அப்பா ஒண்ணும் சொல்லமாட்டாருங்கய்யா. ஆனா எனக்கு வந்த பணத்த அவரு சொல்லித்தான் எனக்குத் தெரியுது" என்றார். வாசலில் தம் பெயரைத் தபால்காரர் கூப்பிடக் கேட்ட அந்தத் தலைமுறைப் பெண்களை நினைத்துக்கொண்டோம். முதலில் தம் பெயருக்கு மட்டும் தனிக்கணக்கு ஒன்று தொடங்குமாறு சொன்னோம்.

அடுத்து மூவரும், அதாவது மாணவியும் நாமும் வணிகவியல் துறை நண்பர் ஒருவரும், உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினோம். மாதந்தோறும் 60 டாலராக வாங்காமல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 180 டாலராக வங்கிவழி பெற்றுக்கொள்வதாகவும், முதல் தவணையின் பாதியை வேலை தொடங்குமுன் தரவேண்டும் என்றும், அனுப்பும் கட்டணம் அனுப்புபவருடையது என்றும், பட்டியல் பெற்ற 30 நாளுக்குள் பணம் வரவேண்டும் என்றும் எழுதினோம். மாணவி கடைசி இரண்டு வரிகளை அழித்துவிடலாமா என்று இருமுறை கேட்டார். மரியாதைக் குறைவாகத் தோன்றுகிறதாம். பெருஞ்சித்திரனாரைப் பற்றி அவருக்கு நாம்தான் பாடம் நடத்தியிருந்தோம். வரிகளை அப்படியே விட்டு அனுப்பினார்.

முன்பணம் தருவதில்லை என்று மறுநாளே பதில் வந்தது. மற்றவற்றுக்கு ஒப்புக்கொண்டார்கள். மூன்று மாதம் கழித்துப் பணம் வந்தபோது 180 டாலருக்குரிய ரூபாயில் ஏறத்தாழ பதினைந்து டாலரளவு குறைந்திருந்தது. படிவத்தில் யாரோ பழக்கத்தில் பங்கு என்று குறித்திருக்கிறார்கள். மாணவி நம்மிடம் வந்து கேட்கவில்லை. வங்கியில் விவரத்தாள் வாங்கி, ஒப்பந்தக் கடிதத்தின் வரியைச் சுட்டிக்காட்டி அன்று மாலையே எழுதிவிட்டார். அடுத்த தவணையில் அந்தக் குறைவைச் சேர்த்து அனுப்பியிருந்தார்கள்; குறிப்புப் பகுதியில் எதற்காக என்று ஒரு வரியும் இருந்தது. அதை அச்செடுத்து வைத்திருப்பதாகச் சொன்னார்.